தோட்டப்புறச் சிறுநகரத்தில் வாடகைக்கு விட முதல் வீடு வாங்குதல்: முழுமையான வழிகாட்டி

மலேசியாவின் கெடா மாநிலத்தில் பீடோங்கிலிருந்து செமிலிங் செல்லும் சாலையை ஒட்டிய தாமான்களில், அதாவது வீடமைப்புப் பகுதிகளில், ஒரு மாலை நேரம் மெதுவாக வண்டி ஓட்டிச் சென்றால், வாயிற்கதவுகளில் ‘வாடகைக்கு’ என்று எழுதிக் கட்டிய அட்டைகளைக் காணலாம். சில அட்டைகள் நேற்றுக் கட்டியவை. சில வெயிலில் வெளுத்து, தொலைபேசி எண்ணே தெரியாமல் போனவை. வாடகை வீட்டில் பணம் போட நினைப்பவர் முதலில் கவனிக்க வேண்டியது அந்த வெளுத்த அட்டைகளைத்தான். வங்கித் தவணை மாதந்தவறாமல் போய்க்கொண்டிருக்க, உள்ளே ஆளில்லாமல் நிற்கும் வீடுகள் அவை.

பினாங்கிலோ கோலாலம்பூரிலோ வீடு வாங்குபவர், வாடகை குறைந்தாலும் விலையேற்றம் காப்பாற்றும் என்று எண்ணிக்கொள்ளலாம். கெடாவின் தோட்டப்புறச் சிறுநகரங்களில் அந்த நம்பிக்கையை வைத்துக் கணக்குப் போடக்கூடாது. சுற்றிலும் நிலம் இருக்கிறது. ரப்பர் போய்ச் செம்பனை வந்த இடங்களில் இப்போது புதுத் தாமான்கள் எழுகின்றன. பழைய வீட்டோடு போட்டிக்குப் புது வீடு எப்போதும் வந்துகொண்டேயிருக்கும். ஆகவே இங்கே வீட்டின் மதிப்பை முடிவு செய்வது, ஆண்டில் எத்தனை மாதம் அதில் ஆள் இருந்து வாடகை வருகிறது என்பதே. முதலில் குடியிருக்கப்போகும் ஆளைத் தேடுங்கள், அதன்பிறகு வீட்டைத் தேடுங்கள் என்பதே இந்த வழிகாட்டி முழுவதிலும் நான் சொல்லவிருப்பது.

முதல் படி: குடியிருக்கும் வீடும் வாடகை வீடும் வேறு வேறு கணக்கு

நம் மக்களுக்கு வீடு என்பது வெறும் கணக்கன்று. தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு, வேலை போனால் வீடும் போகும் என்ற அச்சம் தலைமுறைகளாக இருந்தது. 1950களிலும் 1960களிலும் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்றுத் துண்டாடியபோது அந்த அச்சம் பல குடும்பங்களுக்கு உண்மையாயிற்று. தொழிலாளர்கள் தாங்களே தோட்டங்களை வாங்கவேண்டும் என்று மலாயா இந்தியர் காங்கிரஸ் தலைவராக இருந்த துன் வீ.தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியதும் அதனால்தான். இந்தப் பின்னணியால், நிலமோ வீடோ கையில் கிடைத்தால் போதும், விலையைப் பார்க்கவேண்டாம் என்ற மனநிலை நம்மிடம் எளிதில் வந்துவிடுகிறது. சொந்தமாகக் குடியிருக்க வாங்கும் வீட்டில் அந்த மனநிலையை மன்னிக்கலாம். வாடகைக்கு விட வாங்கும் வீட்டில் அது நட்டத்தையே கொண்டுவரும்.

இன்னும் சொந்த வீடு இல்லாதவர், முதல் வீட்டையே வாடகைக்கென்று வாங்குமுன் ஒன்றை யோசிக்கவேண்டும். முதல் வீடு வாங்கும் குடிமக்களுக்கு, 5 லட்சம் ரிங்கிட் வரையிலான வீட்டின் முத்திரை வரியில் அரசாங்கம் விலக்கு அளித்து வந்திருக்கிறது. அந்தச் சலுகை ஒருவருக்கு ஒரு முறைதான். ஊழியர் சேமநிதியிலிருந்து வீட்டுக்காக எடுக்கும் பணமும் அப்படித்தான்: 2024 மே மாதத்துக்குப் பிறகு சந்தாவில் 15 விழுக்காடு செல்லும் செஜாத்ரா கணக்கிலிருந்து அதை எடுக்கலாம் என்றாலும், முதல் வீடு கையில் இருக்கும்போது இரண்டாவது வீட்டுக்கு அதை எடுக்க முடியாது. இந்த இரண்டையும் வாடகை வீட்டில் செலவழித்துவிட்டு, பிறகு பிள்ளைகளோடு குடியேற ஒரு வீடு தேடும்போது வெறுங்கையோடு நிற்கவேண்டாம்.

இரண்டாம் படி: யார் குடிவருவார் என்பதைக் கண்டுபிடித்தல்

ஒரு சிறுநகரத்தில் வாடகைக்கு வீடு தேடுபவர் யார் யார் என்பதை ஒரு தாளில் எழுதிவிடலாம். பீடோங், செமிலிங், சுங்கைப்பட்டாணி வட்டாரத்தை எடுத்துக்கொண்டால் மாணவர்கள், மருத்துவமனை ஊழியர்கள், ஆசிரியர்கள், தொழிற்சாலை ஊழியர்கள், தோட்டத்தை விட்டு வெளியேறும் குடும்பங்கள் ஆகியோர் முக்கியமானவர்கள். ஒவ்வொருவருக்கும் தேவைப்படும் வீடு வேறு.

செமிலிங்கில் உள்ள ஏய்ம்ஸ்ட் பல்கலைக்கழகத்தில் மருத்துவம், பல் மருத்துவம், மருந்தியல் போன்ற நீண்ட படிப்புகள் இருப்பதால், ஒரு மாணவர் பல ஆண்டுகள் இந்த வட்டாரத்திலேயே தங்குகிறார். அறை அறையாக வாடகைக்கு விட்டால் மொத்த வீட்டுக்குக் கிடைப்பதைவிடக் கூடுதலாகக் கிடைக்கும் என்பது உண்மை. ஆனால் அந்தக் கூடுதல் தொகையைப் பார்த்து மயங்கி வாங்குபவர்கள் சில செலவுகளை மறந்துவிடுகிறார்கள். கட்டில், மெத்தை, மேசை, அலமாரி, துணி துவைக்கும் இயந்திரம், இணையம் எல்லாம் வீட்டுக்காரர் பொறுப்பாகிவிடும். குளிர்சாதனம் வைத்தால் மின்கட்டணத்தை யார் தருவது என்ற சண்டை வரும். நீண்ட விடுமுறையில் அறை காலியாகும். பல்கலைக்கழகத்தின் சொந்த விடுதியும் உங்களுக்குப் போட்டி. ஒரு வீட்டில் நான்கு மாணவர்கள் தலைக்கு 300 ரிங்கிட் கொடுத்தால் மாதம் 1,200 ரிங்கிட் வருகிறது என்று கணக்கிடும்போது, அதைப் பன்னிரண்டால் பெருக்காமல் பத்தால் பெருக்குங்கள்.

மருத்துவமனை ஊழியர்களும் ஆசிரியர்களும்தான் சிறுநகரத்தில் கிடைக்கும் நல்ல வாடகைக்காரர்கள் என்பது என் கருத்து. சம்பளம் உறுதியாக வருகிறது. மாற்றலாகி வேறு ஊருக்குப் போகும் நாளும் பெரும்பாலும் முன்கூட்டியே தெரிந்துவிடும். சுங்கைப்பட்டாணியின் சுல்தான் அப்துல் ஹாலிம் மருத்துவமனைக்குப் பணிக்கு வரும் தாதியருக்குத் தேவை, இரவு வேலை முடிந்து பாதுகாப்பாக வந்து சேரும் தூரத்தில், வண்டி நிறுத்த இடமுள்ள, தெருவிளக்கு எரிகிற ஒரு தாமான். அவர்களுக்கு அலங்காரமான கூரை தேவையில்லை.

வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்காக ஒரு முதலாளி மொத்த வீட்டையும் கேட்கும்போது வாடகை கூடுதலாகவும் உடனடியாகவும் வரும். ஆனாலும் தொடக்கநிலையில் உள்ளவர் அதைத் தவிர்ப்பது நல்லது. தொழிலாளர் தங்குமிடத்துக்கு 1990ஆம் ஆண்டின் 446ஆம் சட்டத்தின்படி முதலாளி தொழிலாளர் துறையின் சான்றிதழ் பெறவேண்டும். ஒரு வீட்டில் இத்தனை பேர்தான் என்ற கட்டுப்பாடும் உண்டு. அனுமதியில்லாத வெளிநாட்டவர் உங்கள் வீட்டில் தங்க நீங்கள் இடங்கொடுத்ததாகக் கருதப்பட்டால் குடிநுழைவுச் சட்டம் உங்கள்மீதும் பாயும். பக்கத்து வீட்டாரின் புகாரும் கழிவுநீர்க் குழாய் அடைப்பும் தனி.

இந்த ஆராய்ச்சியை உட்கார்ந்த இடத்திலிருந்து செய்யமுடியாது. ஒரு மாதம் வாரக்கடைசிகளை ஒதுக்கி, நீங்கள் நினைத்திருக்கும் மூன்று தாமான்களிலும் மளிகைக்கடைக்காரரிடம், காலையில் ரொட்டிச்சானாய் போடுபவரிடம், தொங்கும் அட்டைகளில் உள்ள எண்களில் பேசுபவர்களிடம் விசாரியுங்கள். வாடகைக்கு வீடு தேடுபவர் போலவே பேசினால், கேட்கும் வாடகை எவ்வளவு, குறைத்துக் கொடுக்கும் வாடகை எவ்வளவு, எத்தனை நாளாகக் காலியாக இருக்கிறது என்ற மூன்றும் வந்துவிடும். மூன்றாவது விடைதான் மிக முக்கியம்.

மூன்றாம் படி: பென்சிலும் தாளும் எடுத்துக்கொள்ளுங்கள்

எடுத்துக்காட்டுக்காக, 220,000 ரிங்கிட் விலையுள்ள ஓர் ஒற்றை மாடித் தொடர் வீட்டை எடுத்துக்கொள்வோம். வங்கி 90 விழுக்காடு, அதாவது 198,000 ரிங்கிட் கடன் தருகிறது, 4.2 விழுக்காடு வட்டி, 30 ஆண்டு. மாதத் தவணை ஏறத்தாழ 968 ரிங்கிட் வரும்.

கையிலிருந்து போகும் பணத்தை முதலில் பார்ப்போம். முன்பணம் 22,000 ரிங்கிட். பெயர் மாற்றத்துக்கான முத்திரை வரி, முதல் ஒரு லட்சத்துக்கு 1 விழுக்காடும் அடுத்த நான்கு லட்சத்துக்கு 2 விழுக்காடுமாக 3,400 ரிங்கிட். கடன் பத்திரத்துக்கான முத்திரை வரி அரை விழுக்காடு, 990 ரிங்கிட். வழக்கறிஞர் கட்டணம் 2023ஆம் ஆண்டின் அட்டவணைப்படி முதல் ஐந்து லட்சத்துக்கு 1.25 விழுக்காடு, வாங்கும் பத்திரத்துக்கும் கடன் பத்திரத்துக்கும் தனித்தனியாக எடுத்தால் 5,225 ரிங்கிட், அதற்குமேல் 8 விழுக்காடு சேவை வரி. மதிப்பீட்டுக் கட்டணம், தேடல் கட்டணம் முதலிய சில்லறைக்கு 1,500 என்று வைத்துக்கொள்வோம். பழைய வீடு என்றால் கூரை ஒழுக்கு, மின்கம்பி, சாயம், கதவு என்று குறைந்தது 8,000 ஒதுக்கவேண்டும். ஆக, 22,000 ரிங்கிட் போதும் என்று நினைத்து இறங்கியவர் உண்மையில் 41,500 ரிங்கிட்டுக்கு மேல் எடுத்துவைக்க வேண்டியிருக்கிறது. ஆறு மாதத் தவணையையும் தனியாக வைத்தால் 47,000ஐத் தாண்டும். இந்தப் பணத்தைத் திரட்ட, பலர் மாதாமாதம் பணம் போட்டு முறைவைத்து எடுக்கும் கூட்டுப் பணத்தை நம்பாதீர்கள். கூட்டு நடத்துவதே 1971ஆம் ஆண்டுச் சட்டப்படி தடைசெய்யப்பட்டது, ஓடிப்போனவரை எங்கே போய்த் தேடுவது. ஆலோங் எனப்படும் உரிமமில்லாத வட்டிக்காரர் பக்கம் போகவே வேண்டாம்.

இனி வரவு. வாடகை மாதம் 850 என்றால் ஆண்டுக்கு 10,200. விலையோடு ஒப்பிட்டால் 4.6 விழுக்காடு, விற்பவர் உங்களிடம் சொல்லும் எண் இதுதான். ஆனால் ஆண்டுக்கு ஒரு மாதம் காலியாக இருந்தால் வருவது 9,350. நகராண்மைக் கழகத்தின் மதிப்பீட்டு வரி, நில வரி, தீக்காப்புறுதி ஆகியவற்றுக்கு 550 என்றும் பழுதுபார்க்க ஒரு மாத வாடகை என்றும் எடுத்தால் 1,400 போகிறது. மீதி 7,950. விலையோடு மற்றச் செலவுகளையும் சேர்த்த மொத்த முதலீடு ஏறத்தாழ 239,500 என்பதால், உண்மையான வருவாய் 3.3 விழுக்காடு மட்டுமே.

ஆண்டுக்குக் கட்டவேண்டிய தவணையோ 11,616 ரிங்கிட். ஆகவே நீங்கள் உங்கள் சம்பளத்திலிருந்து ஆண்டுக்கு 3,666, மாதம் 305 ரிங்கிட் சேர்த்துக் கட்டுகிறீர்கள். முதலாண்டில் வட்டி மட்டுமே 8,200 ரிங்கிட்டுக்கு மேல் என்பதையும் பாருங்கள். செலவு போக மிஞ்சும் வாடகை வட்டிக்கே போதவில்லை. இதை ‘மாதாமாதம் வருமானம்’ என்று சொல்லி விற்பவர் உங்களிடம் பாதிக் கணக்கைத்தான் காட்டுகிறார்.

இதே வாடகை வரும் இதே அளவு வீட்டை 160,000 ரிங்கிட்டுக்கு வாங்கியிருந்தால் தவணை மாதம் 704, ஆண்டுக்கு 8,450. பற்றாக்குறை 500 ரிங்கிட் அளவில் நின்றுவிடும். பழைய தாமானில், வீட்டின் முகப்பு மங்கி, ஆனால் சுவரும் கூரையும் உறுதியாக இருக்கும் வீட்டைப் பொறுமையாகத் தேடுபவருக்கே சிறுநகரத்தில் கணக்கு ஒத்துவரும் என்பதற்கு இந்த இரண்டு எண்களைவிட வேறு விளக்கம் தேவையில்லை.

வட்டியைப் பற்றி ஒரு சொல். நம் வீட்டுக் கடன்களில் பெரும்பாலானவை மாறும் வட்டி கொண்டவை. மத்திய வங்கியான பேங்க் நெகாராவின் அடிப்படை வட்டி 2020 ஜூலையில் 1.75 விழுக்காட்டுக்கு இறங்கியது, 2023 மே மாதம் 3 விழுக்காட்டுக்கு ஏறியது, 2025 ஜூலையில் 2.75 ஆனது. மேலே சொன்ன 198,000 ரிங்கிட் கடனுக்கு வட்டி ஒரு விழுக்காடு ஏறினால் மாதத் தவணை 119 ரிங்கிட் கூடும். வாடகையை அதே மாதம் 119 ரிங்கிட் ஏற்ற முடியுமா என்று உங்களையே கேட்டுப்பாருங்கள்.

நான்காம் படி: வங்கிக்குப் போகுமுன்

வங்கி உங்கள் சி.சி.ஆர்.ஐ.எஸ். அறிக்கையை, அதாவது பேங்க் நெகாரா வைத்திருக்கும் உங்கள் கடன் பதிவைப் பார்க்கும், அதற்கு முன்பு நீங்களே அதைப் பார்த்துவிடுங்கள். கார்க் கடன், கடன் அட்டை, பி.டி.பி.டி.என். கல்விக் கடன் எல்லாம் அதில் தெரியும். மகனுடைய மோட்டார்சைக்கிளுக்கு உத்தரவாதக் கையெழுத்துப் போட்டு மறந்துபோனதைச் சிலர் அங்கேதான் நினைவுகூர்கிறார்கள். கடன் சிக்கல் இருந்தால் ஏ.கே.பி.கே. என்ற கடன் ஆலோசனை நிறுவனம் கட்டணமின்றி ஆலோசனை தருகிறது.

சம்பளச் சீட்டும் சேமநிதி அறிக்கையும் உள்ளவருக்கு வேலை எளிது. கடை வைத்திருப்பவர், லாரி ஓட்டுபவர், தோட்டக் குத்தகை எடுப்பவர் ஆகியோர் கையில் பணம் இருந்தும் கடன் கிடைக்காமல் திரும்புவதற்குக் காரணம், வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்யாததும் வருமானத்தை வங்கிக் கணக்கின் வழியே கொண்டுவராததுமாகும். அவர்கள் வீடு தேடுவதற்கு இரண்டு ஆண்டு முன்பே தாக்கல் செய்யத் தொடங்கவேண்டும். கடன் காலம் அதிகபட்சம் 35 ஆண்டு. குறைந்தது மூன்று வங்கிகளில் விசாரியுங்கள். ஒரே நாளில் பத்து வங்கிகளில் விண்ணப்பிக்காதீர்கள், அவை எல்லாம் அறிக்கையில் பதிவாகும்.

ஐந்தாம் படி: வீட்டைப் பார்ப்பதும் கெரானைப் பார்ப்பதும்

தொடக்கநிலையில் உள்ளவர் ஏற்கெனவே ஆள் குடியிருந்த வீட்டை வாங்குவதே பாதுகாப்பு. புதுத் தாமானில் தரை வீடு ஒன்றை வரைபடத்தைப் பார்த்து வாங்கினால், ஒப்பந்தப்படி மேம்பாட்டாளர் 24 மாதத்தில் கட்டி ஒப்படைக்க வேண்டும். அதுவரை வாடகை இல்லை, ஆனால் கட்டட வேலை நகர நகர வட்டி வந்துகொண்டிருக்கும். வேலை பாதியில் நின்றுபோனால் நிலைமை இன்னும் மோசம். புது வீட்டின் ஓர் ஆதாயம், பிழைகளைச் சரிசெய்ய மேம்பாட்டாளருக்கு 24 மாதப் பொறுப்பு இருப்பது.

வீட்டை இரண்டு முறையாவது பாருங்கள்: ஒரு முறை மழை பெய்யும்போது, ஒரு முறை இரவில். மழையில் கூரையும் சாக்கடையும் பேசும். இரவில் தெரு பேசும். குனோங் ஜெராய் அடிவாரத்தில் வாங்குபவர் அங்குள்ளவர்களிடம் 2021 ஆகஸ்ட் 18ஆம் தேதியைப் பற்றிக் கேட்கவேண்டும்; அன்று மலையிலிருந்து இறங்கிய நீரும் சேறும் மரக்கட்டைகளும் யான், மெர்போக் பகுதிகளில் உயிர்ச்சேதத்தையும் பெரும் அழிவையும் ஏற்படுத்தின. வெள்ளம் எதுவரை வந்தது என்பதைச் சுவரின் கறையும் பக்கத்து வீட்டுப் பாட்டியும் பொய்யில்லாமல் சொல்வார்கள்.

விலை நியாயமா என்பதை விளம்பரத்தில் கேட்கும் விலையை வைத்து முடிவு செய்யவேண்டாம். அதே தாமானில் உண்மையில் விற்ற விலைகளை நாப்பிக் என்ற தேசியச் சொத்துத் தகவல் மையம் வெளியிடுகிறது; அவற்றை எடுத்துப் பாருங்கள். முகவர் வழியாக வாங்கினால் அவர் பதிவு பெற்றவரா என்று கேளுங்கள். பேரம் பேசும் முகவர்கள் சிவப்பு நிற அட்டை அணிந்திருக்கவேண்டும். அட்டை இல்லாத ‘தெரிந்தவர்’ கையில் ரொக்கமாக முன்பணம் கொடுப்பது நம் ஊரில் அன்றாடம் நடக்கிறது, அதை நீங்கள் செய்யாதீர்கள்.

கெரான், அதாவது நிலப்பட்டா, வீட்டைவிட முக்கியம். நில அலுவலகத்தில் ஒரு தேடல் எடுத்து, அதில் ஐந்து செய்திகளைப் பாருங்கள். நிலம் நிரந்தர உரிமையா, குத்தகையா, குத்தகை என்றால் எத்தனை ஆண்டு மீதம் என்பது ஒன்று. நிலத்தின் வகை கட்டடமா விவசாயமா என்பது இரண்டு. ‘செக்காத்தான் கெப்பெந்திங்கான்’ என்ற இடத்தில் மாநில அரசின் அனுமதியில்லாமல் விற்க முடியாது என்று எழுதியிருக்கிறதா என்பது மூன்று. மலிவு விலை வீடுகளிலும், மலாய்க்காரர் முதலிய பூமிபுத்ராக்களுக்கென ஒதுக்கிய வீடுகளிலும் இது வழக்கம், அனுமதிக்கே பல மாதம் ஆகலாம். மலாய் ஒதுக்கீட்டு நிலமா என்பது நான்கு; கெடாவில் அத்தகைய நிலம் ஏராளம், அதை நாம் வாங்கவே முடியாது. கேவியட், அதாவது கைமாற்றத்தைத் தடுக்கும் பதிவு, ஏதேனும் போடப்பட்டிருக்கிறதா என்பது ஐந்து.

பங்கு நிலத்தைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். ஏதோ ஒரு பழைய தோட்டத்துண்டில் இருபதில் ஒரு பங்கு என்று கெரானில் எழுதி, உங்கள் இடம் இதுதான் என்று குச்சி நட்டுக் காட்டுவார்கள். கெரானில் பங்கு இருக்கும், குச்சி நட்ட எல்லை இருக்காது. மற்ற பங்குதாரர்களோடு ஒத்துப்போய்ப் பிரித்துக் கொள்ளும்வரை எந்த வங்கியும் எளிதில் கடன் தராது, அதில் கட்டிய வீட்டுக்கு முறையான அனுமதியும் சிக்கல். தோட்ட நிலம் துண்டாடப்பட்டதில் நம் மக்கள் பட்ட பாட்டின் காரணமாகத்தான் தேசிய நிலச் சட்டத்தில் 214ஏ என்ற பிரிவு வந்தது. 40 ஹெக்டருக்குக் குறையாத தோட்ட நிலத்தைப் பலருக்குப் பிரித்து விற்பதற்குத் தோட்ட நில வாரியத்தின் ஒப்புதல் வேண்டும்.

ஏல வீடுகளின் விலை கவர்ச்சியானது. ஆனால் ஏலத்தில் வீடு உள்ளது உள்ளபடியே விற்கப்படுகிறது. உள்ளே குடியிருப்பவரை வெளியேற்றுவதும் பழைய கட்டணப் பாக்கிகளும் வாங்குபவர் தலையில் வரலாம். பத்து விழுக்காட்டு முன்பணத்தைக் கட்டியபின் குறித்த நாளுக்குள், நில அலுவலக ஏலம் என்றால் 120 நாளுக்குள், மீதியைக் கட்டாவிட்டால் முன்பணம் போய்விடும். முதல் வீட்டை ஏலத்தில் வாங்கவேண்டாம் என்பதே என் ஆலோசனை.

ஆறாம் படி: வாங்கும் நடைமுறை

விலை ஒத்துக்கொண்டதும் சிறு தொகை கொடுத்து உறுதி செய்வார்கள். பிறகு வழக்கறிஞரிடம் வாங்கல் விற்றல் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு 10 விழுக்காட்டை நிறைவு செய்வீர்கள். மீதியை வங்கி வழக்கமாக மூன்று மாதத்துக்குள் செலுத்தும், தவறினால் வட்டியோடு இன்னும் ஒரு மாத நீட்டிப்பு உண்டு. உறுதித்தொகைக்கான கடிதத்தில், வங்கிக் கடன் கிடைக்காவிட்டால் பணம் திரும்ப வரும் என்ற ஒரு வரி இருக்கட்டும். விற்பவரின் வழக்கறிஞரையே உங்களுக்கும் வைத்துச் செலவை மிச்சப்படுத்தாதீர்கள். சாவி வாங்கும் நாளில் தண்ணீர், மின்சாரம், மதிப்பீட்டு வரி, கழிவுநீர்க் கட்டணம் ஆகிய நான்கிலும் பாக்கியில்லை என்ற ரசீதைக் கேட்டு வாங்குங்கள்.

ஏழாம் படி: குடிவருபவரும் ஒப்பந்தமும்

வாடகைக்கு வருபவர் அக்காள் மகனின் நண்பராக இருந்தாலும் எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும். ‘நம்ம ஆள்தானே’ என்று சொல்லிச் சாவியைக் கொடுத்தவர்கள்தான் பிறகு கோயில் திருவிழாவில் ஒருவரை ஒருவர் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்கிறார்கள். எழுதிய தாள் உறவைக் கெடுப்பதில்லை. எழுதாமல் விட்ட கணக்கே கெடுக்கிறது.

ஆளைத் தேர்ந்தெடுக்கும்போது அடையாள அட்டை நகல், மூன்று மாதச் சம்பளச் சீட்டு, முன்பிருந்த வீட்டுக்காரரின் தொலைபேசி எண் ஆகியவற்றைக் கேளுங்கள். வாடகை அவருடைய சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் தயங்குங்கள். மாணவர் என்றால் பெற்றோரில் ஒருவர் உத்தரவாதக் கையெழுத்திடவேண்டும். சாதியையும் மதத்தையும் கேட்டு ஆள் பொறுக்குபவர்களை நான் பார்த்திருக்கிறேன். வாடகை நாள் தவறாமல் வருமா என்பதை அந்தக் கேள்விகள் எதுவும் சொல்லாது.

இரண்டு மாத வாடகையை வைப்புத்தொகையாகவும், அரை மாத வாடகையைத் தண்ணீர் மின்சாரத்துக்கான வைப்புத்தொகையாகவும், முதல் மாத வாடகையை முன்னதாகவும் வாங்குவது நம் நாட்டு வழக்கம். 850 ரிங்கிட் வாடகைக்கு இது 2,975 ரிங்கிட் ஆகிறது. இந்தத் தொகையைக் குறைக்கச் சொல்பவரிடம் மனம் இரங்கி விட்டுக்கொடுத்தால், கடைசி இரண்டு மாதம் வாடகை தராமல் அவர் போகும்போது உங்கள் கையில் ஒன்றும் இருக்காது. மின்கணக்கையும் முடிந்தால் குடிவருபவர் பெயருக்கே மாற்றிவிடுங்கள்.

ஒப்பந்தத்தில் வாடகை கட்டும் நாள், வங்கிக் கணக்கு எண், எத்தனை பேர் குடியிருப்பார்கள், மறுவாடகைக்கு விடக்கூடாது என்ற விதி, எந்தப் பழுதுக்கு யார் பொறுப்பு, இரு தரப்பும் எத்தனை மாத முன்னறிவிப்புத் தரவேண்டும் என்பன தெளிவாக இருக்கட்டும். சாவி கொடுக்கும் நாளில் வீட்டை அறை அறையாகப் படம் எடுத்து, மீட்டர் எண்களையும் எடுத்து, இருவரும் கையெழுத்திட்ட பொருட்பட்டியலோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாண்டுக்கு மேற்பட்ட வாடகை நிலச் சட்டப்படி பதிவு செய்யவேண்டிய குத்தகையாகிவிடும் என்பதால், ஓராண்டு அல்லது ஈராண்டு எழுதிப் புதுப்பிப்பதே எளிது.

ஒப்பந்தத்துக்கு முத்திரை வரி கட்டாமல் விடாதீர்கள். முத்திரையில்லாத ஒப்பந்தத்தை நீதிமன்றம் சான்றாக ஏற்காது. ஆண்டு வாடகையில் முதல் 2,400 ரிங்கிட்டுக்கு இருந்த விலக்கு 2025 தொடக்கத்திலிருந்து இல்லை; ஓராண்டு வரையிலான ஒப்பந்தத்துக்கு ஒவ்வொரு 250 ரிங்கிட்டுக்கும் 1 ரிங்கிட், அதற்கு மேல் மூன்றாண்டு வரை 3 ரிங்கிட். மாதம் 850 வாடகைக்கு ஓராண்டு ஒப்பந்தமானால் 41 ரிங்கிட், ஈராண்டானால் 123. கையெழுத்திட்ட 30 நாளுக்குள் இதை முடிக்கவேண்டும்.

எட்டாம் படி: வாடகை வராதபோது

முதல் மாதம் தாமதமானால் தொலைபேசி, இரண்டாவது வாரத்தில் எழுத்து, ஒரு மாதம் கடந்தால் வழக்கறிஞர் கடிதம். இந்த வரிசையை இரக்கத்தால் தள்ளிப்போடுபவர்களுக்கே பாக்கி ஐந்து மாதமாக வளர்கிறது. என் முதல் வாடகைக்காரரிடம் நான் அப்படித்தான் ஏமாந்தேன். தீபாவளி கழியட்டும், பள்ளித் திறப்புக் கழியட்டும் என்று விட்டதில் அடுத்த ஆண்டு பொங்கலே வந்துவிட்டது.

எவ்வளவு கோபம் வந்தாலும் பூட்டை மாற்றாதீர்கள். மின்சாரத்தையும் தண்ணீரையும் துண்டிக்காதீர்கள். சாமான்களை வெளியே எடுத்துப் போடாதீர்கள். 1950ஆம் ஆண்டின் குறித்த நிவாரணச் சட்டத்தின் 7(2) பிரிவின்படி, வாடகைக் காலம் முடிந்த பிறகும் வெளியேறாதவரை நீதிமன்ற ஆணையின்றி வெளியேற்ற முடியாது. அதை மீறினால் பாக்கி வைத்தவர் உங்கள்மீதே வழக்குப் போடலாம். சட்டம் உங்களுக்கும் வழி வைத்திருக்கிறது: 1951ஆம் ஆண்டின் டிஸ்ட்ரஸ் சட்டப்படி, பன்னிரண்டு மாதம் வரையிலான வாடகைப் பாக்கிக்காக வீட்டிலுள்ள அசையும் பொருள்களை நீதிமன்ற ஆணை பெற்று ஏலம் விடலாம். இது தவிர, ஒப்பந்தம் முடிந்தும் தங்கியிருப்பவரிடம் இரு மடங்கு வாடகை கேட்கலாம், 5,000 ரிங்கிட் வரையிலான பாக்கிக்கு வழக்கறிஞர் இல்லாமலே மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் சிறு கோரிக்கை வழக்குத் தொடரலாம்.

ஒன்பதாம் படி: வரி

வாடகை வருமானம் வருமான வரிச் சட்டத்தின் 4(டி) பிரிவின்கீழ் வருகிறது. சம்பளத்தோடு சேர்த்துக் காட்டவேண்டும். ரொக்கமாக வாங்கினால் தெரியாது என்று நினைப்பவர், முத்திரை வரி வசூலிப்பதும் அதே உள்நாட்டு வருமான வரி வாரியம்தான் என்பதை மறந்துவிடுகிறார். கடன் வட்டி, மதிப்பீட்டு வரி, நில வரி, தீக்காப்புறுதி, பழுதுபார்த்த செலவு ஆகியவற்றைக் கழிக்கலாம். தவணையில் உள்ள அசலைக் கழிக்க முடியாது. முதல் வாடகைக்காரரைத் தேடிய விளம்பரச் செலவையும் முகவர் கட்டணத்தையும் முதல் ஒப்பந்தச் செலவையும் கழிக்க முடியாது. நம் எடுத்துக்காட்டு வீட்டில் முதலாண்டு வட்டி மட்டுமே நிகர வாடகையைவிடக் கூடுதல் என்பதால் வரி வராது. ஆனால் அந்த நட்டத்தை அடுத்த ஆண்டுக்கு எடுத்துச் செல்லவும் முடியாது. ரசீதுகளை ஏழாண்டு வைத்திருக்கவேண்டும். நான் பழைய பால் பவுடர் டின் ஒன்றில் போட்டு வைக்கிறேன். ஆண்டுக்கு ஒரு டின்.

விற்கும்போது சொத்து ஆதாய வரி உண்டு. குடிமகனாக இருப்பவர் வாங்கிய முதல் மூன்றாண்டுக்குள் விற்றால் ஆதாயத்தில் 30 விழுக்காடு, நான்காம் ஆண்டில் 20, ஐந்தாம் ஆண்டில் 15. ஆறாம் ஆண்டிலிருந்து இல்லை. ஆகவே வாங்கும் நாளிலேயே ஐந்தாண்டுக்கு மேல் கையில் வைத்திருக்கும் கணக்கோடு வாங்குங்கள்.

முதல் வீடு ஓரளவு நிலைத்ததும் அடுத்ததன்மீது கண் போகும். முத்திரையிட்ட ஒப்பந்தமும் தவறாமல் வங்கியில் வந்து விழுந்த வாடகையும் இருந்தால், அந்த வருமானத்தில் ஒரு பகுதியைப் பல வங்கிகள் அடுத்த கடனுக்குக் கணக்கில் எடுத்துக்கொள்ளும். ஆனால் மூன்றாவது வீட்டுக் கடனிலிருந்து வங்கி 70 விழுக்காட்டுக்கு மேல் தராது. 2010 நவம்பர் முதல் பேங்க் நெகாராவின் விதி இது. சொந்த வீடும் கடனில் இருந்து, ஒரு வாடகை வீடும் கடனில் இருந்தால், அடுத்து வாங்குவது உங்கள் மூன்றாவது கடன். 160,000 ரிங்கிட் வீட்டுக்கும் அப்போது 48,000 ரிங்கிட் முன்பணம் கையில் வேண்டும்.